கேமரா கார்டுக்குத் திரும்பி வந்த அழகர்

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கியதை எடுத்த படங்களைக் கணினிக்கு மாற்றிவிட்டு, கார்டைக் காலி செய்திருந்தேன். மேலூரில் இருக்கும் அப்பத்தாவால் இந்த வருடம் வர முடியவில்லை. "என்னய்யா, அழகரைக் கண்ணுல காட்ட மாட்டியா?" என்று போனில் கேட்டது மனதைப் பிசைந்தது. அங்கே கணினி கிடையாது. கேமராவை டிவியில் இணைத்துக் காட்டலாம் என்று முப்பது படங்களைக் கார்டில் திரும்பப் போட்டேன். கேமராவோ படமே இல்லை என்றது.

இரவெல்லாம் முயன்றதில் காரணம் புரிந்தது. கேமரா தன் விதிப்படி அமைந்த கோப்பை மட்டுமே காட்டும். கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்து (உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கவனம்) ஒரு படம் எடுத்தேன். டி.சி.ஐ.எம். ஃபோல்டரும், அதற்குள் 100 என்று தொடங்கும் ஃபோல்டரும் தானாக உருவாயின. படங்களை அந்த 100-க்குள்தான் போட வேண்டும். பெயரும் முக்கியம். நான் ஆசையாகத் தமிழில் வைத்திருந்த 'எதிர்சேவை', 'தல்லாகுளம்' எல்லாவற்றையும் மாற்றி, கேமரா வைக்கும் பாணியிலேயே ஐ.எம்.ஜி., அடிக்கோடு, அப்புறம் 0002, 0003 என்று நான்கு இலக்கமாக (IMG_0002 போல) வைத்தேன்.

வெளிச்சம் கூட்டித் திருத்திய ஆறு படங்கள் மட்டும் அப்போதும் வரவில்லை. ப்ரோகிரசிவ் ஜேபெக்காக (மங்கலாகத் தொடங்கிப் படிப்படியாகத் தெளிவாகும் பட வகை) சேமித்திருந்தேன். பேஸ்லைனாக, அதாவது சாதாரண ஜேபெக்காக, மாற்றியதும் நான்கு வந்தன. மீதி இரண்டுக்கும் திருத்தாத அசலையே போட்டேன்.

மறுநாள் மேலூரில், டிவியில் தங்கக் குதிரை தெரிந்ததும் அப்பத்தா எழுந்து நின்று கும்பிட்டார்.