டெஸ்க்டாப்பைக் கையோடு ஊருக்குக் கொண்டுபோவது எப்படி?

சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்கு விமானத்தில் போகும்போது டெஸ்க்டாப் கம்ப்யூட்டரைக் கேபின் பையாக எடுத்துப்போகத் தடை இல்லை. அளவும் எடையும்தான் பிரச்சினை. ஸ்கூட் விமான எகானமியில் கேபின் பை, சிறிய கைப்பை இரண்டும் சேர்த்து 10 கிலோ. பெரிய பை 54 × 38 × 23 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமியில் 7 கிலோ; நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 செ.மீ. தாண்டக்கூடாது. வழக்கமான மிட் டவர் கேஸ் (நடுத்தர அளவுப் பெட்டி) இதில் அடங்காது. 17 செ.மீ. சதுர மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டுக்கான சிறிய கேஸ்தான் வழி. சிங்கப்பூரின் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் புதிதாக அசெம்பிள் செய்யக் கொடுக்கிறவர்கள் இந்த அளவை முதலிலேயே கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டைக் கட்டாயம் கழற்றுங்கள். ஒரு கிலோ கார்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பை ஒருமுறை தொப்பென்று விழுந்தால் ஸ்லாட்டே பிய்ந்துவிடும். ஸ்குரூக்களை எடுத்து, ஸ்லாட் ஓரத்துக் கொக்கியை அழுத்திக்கொண்டு நேராக உருவி, ஆன்டி ஸ்டேட்டிக் (நிலைமின்சாரம் தாக்காத) பையில் போட்டுத் துணியால் சுற்றுங்கள்.

பிராசசரைக் குளிர்விக்கும் உயரமான கூலரும் அப்படித்தான். ஆனால் ஏஎம்டி பிராசசருக்கான ஏஎம்4 வகை போர்டு என்றால் அவசரப்படாதீர்கள். கூலருக்கும் பிராசசருக்கும் இடையே தடவிய வெப்பப் பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொண்டு பிராசசரும் கூடவே வந்துவிடும், பின்கள் வளையும். பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகித் தூக்குங்கள். மறுபடி மாட்டப் புது பேஸ்ட் வேண்டும். வாட்டர் கூலிங்கோடு கேபினுக்குப் போகாதீர்கள். உள்ளே இருப்பது திரவம், சோதனையில் நிறுத்தினால் வாதாட முடியாது.

திருப்புளியும் கேஸின் கண்ணாடிப் பக்கப் பலகையும் செக்-இன் பெட்டிக்கு. சாங்கி விமான நிலையத்தின் 1, 2, 3ஆம் முனையங்களில் பைச் சோதனை போர்டிங் கேட்டில் நடக்கிறது. அங்கே திருப்புளி சிக்கினால் திரும்பிப் போய்ப் பெட்டியில் போட நேரம் இருக்காது, குப்பைத்தொட்டிதான். கேஸைத் தனி டிரேயில் வையுங்கள். திறக்கச் சொல்லலாம் என்பதால் கையாலேயே கழற்றக்கூடிய ஸ்குரூ போட்டு வைப்பது நல்லது. எக்ஸ்ரேயால் எஸ்எஸ்டிக்கோ ஹார்ட் டிஸ்க்குக்கோ கேடு இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்கு எமன் கீழே விழுவதுதான். பேக்கப் எடுக்காமல் கிளம்பாதீர்கள்.

கூடவே பவர் பேங்க் எடுத்தால், 100 வாட் ஹவருக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டாம், ஆனால் கேபினில் மட்டும். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட் ஹவர், தாராளமாகப் போகும்.

இந்தியச் சுங்கத்தில் 18 வயது நிறைந்தவர் ஒரு லேப்டாப்பைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். டெஸ்க்டாப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. பொதுவான வரம்புக்குள்தான் கணக்கிடுவார்கள். ரசீதைக் கையில் வையுங்கள்.

இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான். பவர் கார்டை மட்டும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். எர்த் இல்லாத அடாப்டர் வேண்டாம். ஆன் செய்தும் திரையில் எதுவும் வராவிட்டால் பதறாமல் பிளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, 'டக்' என்று சத்தம் வரும்வரை திரும்ப அழுத்துங்கள். பயணத்தில் அது நழுவியிருக்கலாம்.