மிட்டாய் மெஷின் ரூட் விலைக்கு வருகிறதா? வாங்குமுன் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி

அமெரிக்காவில் பீட்சா கடை, சலூன், டயர் கடை என்று எங்கு போனாலும் ஒரு மூலையில் நிற்குமே, 25 சென்ட் காசைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் ஒரு பபிள்கம் உருண்டையோ கொஞ்சம் மிட்டாயோ விழும் மெஷின், அதுதான் பல்க் வெண்டிங். கரண்டும் வேண்டாம், ஆளும் வேண்டாம். இப்படி முப்பது நாற்பது மெஷின்களைப் பல கடைகளில் வைத்திருப்பவர், சுற்றிவந்து சரக்கு நிரப்பிக் காசு எடுப்பார். அந்த மொத்தச் சுற்றையும் மெஷின்களோடு சேர்த்து விற்றால் அதற்கு 'ரூட்' என்று பெயர். பக்கத்தில் ஒரு சின்ன வருமானம் வேண்டும் என்று தேடுகிறவர்கள் கண்ணில் இந்த விளம்பரம் அடிக்கடி படும்.

சிக்கல் என்னவென்றால், இந்த எளிய மெஷின்களில் பெரும்பாலும் மீட்டர் கிடையாது. வருவதெல்லாம் சில்லறை. ஆகவே விற்பவர் சொல்லும் மாத வருமானத்துக்கு அவர் வாய்தான் ஆதாரம். அதை விட்டுவிட்டு, எவ்வளவு சரக்கு தீர்ந்தது என்று பாருங்கள். கணக்கு அங்கேதான் இருக்கிறது.

படி 1: பட்டியல் கேளுங்கள்

ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வரி. எந்தக் கடை, என்ன சரக்கு, கடைசி 12 மாதத்தில் எந்தெந்தத் தேதியில் எவ்வளவு எடுத்தார், கடைக்காரருக்கு என்ன பங்கு. "மெஷினுக்குச் சராசரி 15 டாலர்" என்று மட்டும் சொன்னால் போதாது. பத்து நல்ல இடங்கள் முப்பது தூங்குமூஞ்சி இடங்களைச் சுமந்துகொண்டிருக்கலாம். அந்தப் பத்தில் ஒன்றிரண்டு கைவிட்டுப் போனால் ரூட்டே படுத்துவிடும். எழுதிவைக்கும் பழக்கமே எனக்கில்லை என்பவரிடம் மேலே பேசலாம், ஆனால் விலையை அப்போதே மனதுக்குள் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சரக்கு ரசீதை வைத்து வருமானத்தைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஓர் அங்குல பபிள்கம் உருண்டை வழக்கமாக 850 எண்ணிக்கை கொண்ட பெட்டியாக வரும். ஓர் உருண்டைக்கு ஒரு 25 சென்ட் என்றால், ஒரு பெட்டி முழுவதும் விற்றால் 212 டாலர் 50 சென்ட். அதற்கு மேல் ஒரு பைசா வர வழியில்லை.

ஓர் உதாரணம். 40 மெஷின், எல்லாமே உருண்டை, மாதம் 600 டாலர் என்கிறார். 600 டாலர் என்றால் மாதம் 2,400 உருண்டை, வருடத்துக்கு 28,800. அதாவது ஏறக்குறைய 34 பெட்டி வாங்கியிருக்க வேண்டும். ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தால் 18 பெட்டிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 பெட்டிக்கு வருடம் 3,825 டாலர், மாதத்துக்குச் சுமார் 319. சொன்னதில் பாதிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

கைநிறைய விழும் மிட்டாய் மெஷினில் எண்ண முடியாது, எடை போட வேண்டும். நீங்களே காசு போட்டு நாலைந்து தடவை திருகி, விழுந்ததைச் சமையலறைத் தராசில் வையுங்கள். ஒரு திருகலுக்கு 9 கிராம் விழுந்தால், ஒரு பவுண்டு எடையில் (சுமார் 454 கிராம்) ஏறக்குறைய 50 திருகல், அதாவது 12 டாலர் 50 சென்ட். அப்புறம் எத்தனை பவுண்டு வாங்கினார் என்று ரசீதில் பார்த்துப் பெருக்கிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் சக்கரத்தைத் திருத்தி விழும் அளவைக் கூட்டிக் குறைக்க முடியும் என்பதால் ஒரே ஒரு மெஷினில் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

வரிக் கணக்கையும் கேளுங்கள். தனிநபர் தொழில் என்றால் ஷெட்யூல் சி என்ற வருமான வரிப் படிவம் இருக்கும். "எல்லாம் ரொக்கம், அதனால் முழுசாகக் காட்டவில்லை" என்று கண்ணடிப்பவர் உண்டு. அரசுக்குக் காட்டாத வருமானத்துக்கு நான் விலை கொடுக்க மாட்டேன்.

படி 3: ஒரு சுற்று கூடவே போங்கள்

முடிந்தால் எல்லா இடத்துக்கும். மெஷின் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். போன தடவை விளிம்புவரை நிரப்பியிருந்தால், இப்போது அதே அளவுக்கு நிரப்ப எத்தனை உருண்டை பிடிக்கிறதோ அத்தனை காசு கீழே இருக்க வேண்டும். 60 உருண்டை பிடித்தால் 60 காசு, 15 டாலர். உட்கார்ந்து எண்ணத் தேவையில்லை. ஒரு 25 சென்ட் காசின் எடை 5.67 கிராம், ஆக 60 காசு 340 கிராம். ஒரு பவுண்டுக்குச் சரியாக 80 காசு, 20 டாலர். காசு அதிகமாகவும் தீர்ந்துபோன சரக்கு கொஞ்சமாகவும் இருந்தால், உங்களுக்குக் காட்டவே யாரோ கைக்காசைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதே சமயம் மெஷினையும் பாருங்கள். காசு போட்டு ஒவ்வொன்றையும் திருகிப் பாருங்கள். கைப்பிடி பாதியில் நிற்கிறதா, வளைந்த காசு சிக்கியிருக்கிறதா, மிட்டாய் விழும் மூடியின் உள்பக்கம் தூசி படிந்திருக்கிறதா. தூசி இருந்தால் அதைச் சமீபத்தில் யாரும் தொடவில்லை. சாக்லேட் வெயிலில் உருகி ஒட்டிக்கொள்ளும், கடலை சிக்கு வாடை அடிக்கும். அப்படிப்பட்ட சரக்கு உள்ளே இருந்தால் அது சொத்தில் சேராது, உங்களுக்குக் கழுவும் வேலைதான்.

படி 4: கடைக்காரரிடம் பேசுங்கள்

பெரும்பாலான இடங்களில் ஒப்பந்தம் என்று ஒன்றும் இருக்காது, வாய்மொழிதான். "இது இங்கேயே தொடர்ந்து நிற்கலாமா?" என்று நேராகக் கேளுங்கள். சங்கிலிக் கடை என்றால் அங்கே இருக்கும் மேலாளர் தலையாட்டினால் போதாது, தலைமை அலுவலக அனுமதி வேண்டியிருக்கும். மெஷினில் தொண்டு நிறுவன ஸ்டிக்கர் இருந்தால் இன்னும் கவனம். அந்த நிறுவனத்துக்கு மாதாமாதம் பணம் போகிறதா என்று ரசீது கேளுங்கள். ரூட்டை வாங்கிவிட்டால் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமையும் கூடவே வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், நிறுவனத்தோடு நீங்கள் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

படி 5: செலவு போக என்ன மிச்சம்?

அந்த 319 டாலரையே எடுத்துக்கொள்வோம். உருண்டை ஒன்று 4 சென்ட் என்று வைத்தால் சரக்குக்கு 51. கடைகளுக்கு 20 சதவீதம் என்றால் 64. மாதம் 200 மைல் ஓட்ட வேண்டியிருந்தால், அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் 2025-க்கு வைத்த மைலுக்கு 70 சென்ட் கணக்கில் 140. கையில் நிற்பது 64 டாலர். உங்கள் நேரத்துக்கு இதில் கூலியே போடவில்லை. மெஷின்கள் பத்து மைலுக்குள் நெருக்கமாக இருந்தால் இதே ரூட் வேறு மாதிரி தெரியும். அதனால் வரைபடத்தில் எல்லா இடத்தையும் குறித்துப் பார்த்த பிறகே பேரத்துக்கு உட்காருங்கள்.

படி 6: விலை

என் கணக்கு இது. மெஷின்களை மட்டும் பழைய சாமானாக விற்றால் என்ன கிடைக்குமோ அது, அதோடு அதிகபட்சம் ஒரு வருட நிகர லாபம். மெஷின் 40 டாலர் வீதம் 1,600, லாபம் 768, ஆக 2,400-க்குள். அவர் 6,000 கேட்டிருப்பார். "புதுசு வாங்கினால் எவ்வளவு தெரியுமா?" என்பார். நீங்கள் வாங்குவது புதுசு இல்லையே.

தூரத்தில் கிடக்கும் நாலு இடத்தைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் விலை கேட்பதும் நல்ல பேரம்தான்.

படி 7: எழுத்தில்

மெஷின் எண்ணோடு பட்டியலிட்ட விற்பனைப் பத்திரம் வேண்டும். மெஷின்கள் மேல் கடன் நிற்கிறதா என்று இப்படிப்பட்ட கடன்களைப் பதிந்துவைக்கும் மாநில அரசின் யூசிசி பதிவேட்டில் தேடிப் பாருங்கள். விற்பனை வரி, உரிமம் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விற்றவர் அதே கடைகளுக்குத் தன் புது மெஷினோடு திரும்பி வரக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். விலையில் ஒரு பகுதியை 90 நாள் நிறுத்திவைத்து, அதற்குள் கைவிட்டுப்போன இடங்களுக்கு ஏற்பக் கழித்துக் கொடுப்பதாகப் பேசிப் பாருங்கள். தன் ரூட் மேல் நம்பிக்கை உள்ளவர் இதற்குப் பெரிதாக முறைக்க மாட்டார்.

சாவிகளை எண்ணி, ஒவ்வொன்றும் எந்தப் பூட்டுக்கு என்று பார்த்து வாங்குங்கள். பழைய சாவியின் நகல் யார் யாரிடம் இருக்கிறது என்று தெரியாது என்பதால், முதல் சுற்றிலேயே பூட்டுகளை மாற்றிவிடுங்கள்.