தட்டிப் பிடித்த துணைக்கால்

இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் எனக்குப் பெரிய தொல்லை, 'ா' என்ற துணைக்கால்தான். 'பால்' என்று சொன்னால் பாதிப் பேர் 'பல்' என்று எழுதினார்கள். 'படம்', 'பாடம்' இரண்டும் அவர்களுக்கு ஒன்றே. பத்து முறை எழுதச் சொன்னேன். பத்து முறையும் தவறாகவே எழுதினார்கள்.

பாட்டு உதவும் என்று கைப்பேசியில் எழுத்துப் பாடல்களைப் போட்டேன். ஆட்டம் அமர்க்களம். பிழை மட்டும் அப்படியே இருந்தது. வேகமான இசையில் குறிலும் நெடிலும் ஒரே நீளமாகக் கரைந்துபோவதைப் பிறகுதான் கவனித்தேன்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரம் என்று நாம் படித்ததுதானே! இலக்கணமே தாளக் கணக்காக இருக்கிறது. கைப்பேசியை வைத்துவிட்டு மேசையில் மெதுவாகத் தட்டினேன். குறிலுக்கு ஒரு தட்டு. நெடிலுக்குத் தட்டிவிட்டு, இன்னொரு தட்டு நேரத்துக்குக் கையைக் காற்றில் இழுக்க வேண்டும். மெய்யெழுத்தின் அரை மாத்திரைக்கும் தட்டு வைக்கப் பார்த்து, நானே குழம்பி விட்டுவிட்டேன். மெட்டு தாலாட்டுப் போல, இரண்டே சுரம். என் குரலுக்கு அதுவே அதிகம்.

சில வாரங்களில், சொல்வதெழுதும்போது பிள்ளைகள் தொடையில் தட்டிப் பார்த்து எழுதத் தொடங்கினார்கள். கை நீண்டால் துணைக்கால். கெ, கே வேறுபாட்டுக்கும் இதுவே கைகொடுத்தது. ல, ள, ழ குழப்பம் மட்டும் தீரவில்லை. அது நாக்கின் சிக்கல்; தாளத்துக்கு அங்கே வேலையில்லை.