அச்சாரம் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டிய ஒரு சொல்

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டுக்கு அச்சாரம் கொடுப்பவர்கள், ஆங்கில ஒப்பந்தத்தில் 'ஃபோர்ஃபிட்' (forfeit) என்ற வினைச்சொல் எந்த வரியில் வருகிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது. பணம் தொலைந்துபோவதை அது குறிப்பதில்லை. விதியை மீறியதாலோ கெடு தவறியதாலோ உரிமையே பறிபோவதைக் குறிக்கிறது. ஆட வராத கபடி அணி ஆட்டத்தை இழப்பதற்கும் இதே சொல்தான். 'வெளியே', 'செய்தல்' எனப் பொருள்படும் இரு லத்தீன் சொற்களிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த இது, முதலில் வரம்பு மீறிய குற்றத்தையும் பின்னரே அதற்கான தண்டத்தையும் குறித்தது; பத்திரத்தில் அந்தக் கடுமை இன்னும் குறையவில்லை. ஆகவே, கிரயம் தள்ளிப்போனால் அச்சாரம் முழுவதும் போய்விடுமா என்பதோடு, பங்காளி ஒருவர் கையெழுத்திட மறுத்து (பொது வீடுகளில் இது நடப்பதுதான்) விற்பவர் தரப்பே பின்வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் அந்த வரியிலேயே எழுதி வாங்குங்கள்.