ரேடியாலஜி இன்சார்ஜ் ஆகிவிட்டீர்களா? ஆட்களை நடத்தத் தொடங்குவது இப்படி

நேற்று வரை ஒரே ஷிஃப்டில் நின்று எக்ஸ்ரே எடுத்தவர்கள். இன்று நீங்கள் இன்சார்ஜ், அவர்கள் ஸ்டாஃப். நல்ல டெக்னீஷியன் என்பதால்தான் பெரும்பாலும் இந்தப் பதவி வருகிறது. ஆட்களை எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் பலர் பழைய வேலையையே இன்னும் வேகமாகச் செய்கிறார்கள். கூட்டம் சேர்ந்தால் ஓடிப்போய்த் தாமே நாலு படம் எடுத்துவிட்டு வருவார்கள். படம் எடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். காலை பத்து மணிக்கு நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது நடக்கிற மாதிரியே இரவு இரண்டு மணிக்கும் வேலை நடக்கிறதா என்று பார்க்கத்தான் ஆள் இல்லை. அந்த ஆள் நீங்கள்.

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) நான்கும் உள்ள ஒரு நடுத்தர மருத்துவமனையை, நம் ஊர் நடைமுறையோடு, மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: ஒரு வாரம் சும்மா பாருங்கள்

வந்தவுடன் சட்டம் போடாதீர்கள். ஒவ்வொரு அறையிலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒரு இரவு டூட்டியிலும் கட்டாயம் உட்காருங்கள். முக்கியமாக இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, நோயாளியை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. “லட்சுமியா? உள்ளே வாங்க” என்றால், காது சரியாகக் கேட்காத பாட்டியும் தலையாட்டிக்கொண்டு வந்துவிடுவார். வெளியே பெஞ்சில் இன்னொரு லட்சுமி உட்கார்ந்திருப்பார். “உங்க பேர் என்னம்மா? வயசு என்ன? எந்தக் கை வலிக்குது?” என்று நோயாளியே பதில் சொல்லும்படி கேட்பதுதான் சரி. அந்தப் பதிலை ரிக்வெஸ்ட் சீட்டோடும் மருத்துவமனை எண்ணோடும் ஒப்பிட வேண்டும். ஆள் மாறுவது, பக்கம் மாறுவது இரண்டுமே பெரும்பாலும் இந்த அரை நிமிடத்தில்தான் நடக்கின்றன. இடது வலது மார்க்கரைப் படம் எடுக்கும்போதே வைக்கிறார்களா, பிறகு கம்ப்யூட்டரில் எழுத்தாகச் சேர்க்கிறார்களா என்றும் பாருங்கள். பிறகு சேர்ப்பது ஞாபகத்தை நம்பிச் செய்வது.

இரண்டாவது, டி.எல்.டி. பேட்ஜ் எங்கே இருக்கிறது என்பது. கதிர்வீச்சை அளக்கும் அந்த அட்டை மார்பில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே இருக்க வேண்டும். பல இடங்களில் அது எக்ஸ்ரே அறைக்குள் கொக்கியில், ஏப்ரனோடு சேர்ந்து தொங்கும். லீவில் ஊருக்குப் போனவரின் பேட்ஜ் நாள் முழுக்க அங்கே சிதறல் கதிரை வாங்கிக்கொண்டிருக்கும். மூன்று மாதம் கழித்து அவர் பெயரில் டோஸ் ரிப்போர்ட் வரும்போது ஆளுக்கு ஆள் முழிப்பார்கள். அதே கொக்கியில் ஏப்ரன் மடித்துப் போடப்பட்டிருந்தால் உள்ளே ஈயம் விரிசல் விட்டிருக்கலாம். ஏப்ரன்களை வருடத்துக்கு ஒரு தடவையாவது ஃப்ளோரோஸ்கோப்பியில், அதாவது எக்ஸ்ரேயை நேரலையாகத் திரையில் காட்டும் கருவியில், வைத்துப் பாருங்கள்.

படி 2: காகிதங்களை ஒரே ஃபைலுக்குக் கொண்டு வாருங்கள்

சலிப்பான வேலைதான். ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். இந்தியாவில் எக்ஸ்ரே, சி.டி. கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏ.இ.ஆர்.பி., அனுமதி தருகிறது. விண்ணப்பம் எல்லாம் அவர்களுடைய இ-லோரா தளம் வழியாகத்தான். ஒவ்வொரு கருவியின் உரிமமும் எந்தத் தேதி வரை? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய தரப் பரிசோதனை நடந்திருக்கிறதா? கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக யார் பெயர் இருக்கிறது? அவர் வேலையை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தால் அதையும் இப்போதே கண்டுபிடியுங்கள்.

டி.எல்.டி. ரிப்போர்ட்டை ஃபைலில் போட்டு மூடாமல், ஒவ்வொருவருக்கும் அவரவர் எண்ணைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிரின் அளவு), அதுவும் ஐந்து வருட சராசரியாக. எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது. இதுதான் இங்கே பணியாளருக்கான வரம்பு. ஒழுங்காக வேலை நடக்கும் துறையில் எண்கள் இதற்கு வெகு கீழேதான் இருக்கும். அதைக் கண்ணால் பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும்.

ஸ்கேன் அறைக்குச் சட்டம் வேறு. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி, கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எஃப் படிவம் முழுமையாக நிரப்பப்பட வேண்டும். மாத அறிக்கை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் போக வேண்டும். கருவின் பாலினம் சொல்லப்படாது என்ற பலகை தமிழிலும் இருக்க வேண்டும். “ஒரு கட்டம் விட்டுப்போச்சு, அவ்வளவுதானே” என்று சொல்ல வழியில்லை. படிவத்தில் விடுபடுவதை வெறும் எழுத்துப் பிழையாக ஒதுக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. படிவத்தை நிரப்புகிறவர் யார் என்று ஷிஃப்டுக்கு ஒரு பெயரை எழுதி வையுங்கள்.

படி 3: டூட்டி சார்ட்

இதில்தான் நட்பும் பகையும் உருவாகும். சார்ட் இருபதாம் தேதிக்கே நோட்டீஸ் போர்டில் வந்துவிட வேண்டும். முப்பதாம் தேதி இரவு வாட்ஸ்அப்பில் அல்ல. பொங்கல், தீபாவளி நைட் போன வருடம் யார் பார்த்தது என்று ஒரு நோட்டு வையுங்கள். அந்த நோட்டைக் காட்டினால் சண்டை பாதியாகக் குறையும்.

நைட்டுக்கு ஆள் போடும்போது தலைகளை எண்ணாதீர்கள், யாருக்கு என்ன வரும் என்று பாருங்கள். புதிதாகச் சேர்ந்த இருவரை ஒரே இரவில் சேர்த்துப் போட்டால் சார்ட்டில் இரண்டு பேர் இருப்பார்கள். விபத்துக் கேஸ் வந்து தலைக்கு சி.டி. கேட்கும்போது ஒருவர்கூட இல்லாத மாதிரிதான். ஒருவர் ஐ.சி.யூ.வுக்குப் போர்ட்டபிள் (தள்ளிக்கொண்டு போகும் எக்ஸ்ரே) எடுக்கப் போனால் சி.டி.யை யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்குச் சார்ட்டிலேயே பதில் இருக்க வேண்டும்.

கர்ப்பமாக இருக்கும் பெண் ஊழியர் அதைச் சொன்ன பிறகு, கருவுக்கு மீதிக் காலம் முழுவதற்கும் 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு. அவரை வேலையை விட்டு அனுப்ப வேண்டியதில்லை. ஃப்ளோரோஸ்கோப்பி, ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் (நகர்த்தக்கூடிய நேரலை எக்ஸ்ரே) போன்றவற்றிலிருந்து மாற்றி, தடுப்புக்குப் பின்னால் இருந்து மெஷினை இயக்கும் கன்சோல் வேலை கொடுத்தால் போதும். இந்த ஏற்பாடு முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான் அவர் பயமில்லாமல் சீக்கிரம் சொல்வார்.

படி 4: எம்.ஆர்.ஐ. கதவுக்கு ஒரு சொந்தக்காரர்

மற்ற அறைகளில் தவறு நடந்தால் படம் கெடும். இங்கே உயிர் போகும். 2018 ஜனவரியில் மும்பையில், நோயாளிக்குத் துணையாக வந்த ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போய், காந்தம் இழுத்ததில் இறந்தார். ஸ்கேன் ஓடாவிட்டாலும், கரண்டே போனாலும் காந்தம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். இது டெக்னீஷியனுக்குத் தெரியும். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவருக்கும், தரை துடைக்கிற அக்காவுக்கும், வார்டு நர்ஸுக்கும் தெரியுமா? உங்கள் துறை ஆட்களுக்கு நடத்தும் வகுப்பை முதலில் இவர்களுக்கு நடத்துங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் கதவுக்கு ஒரே ஒருவர் பொறுப்பு. அவர் வேண்டாம் என்றால் டீனே வந்தாலும் உள்ளே போகக்கூடாது.

கேள்விப் படிவம் கம்பெனி கொடுத்தபடியே இருந்தால் நம் ஊருக்குப் போதாது. பேஸ்மேக்கர், மூளைக் கிளிப், காது இம்பிளான்ட் எல்லாம் அதில் இருக்கும். புடவையிலும் தாலிச் சரட்டிலும் மாட்டியிருக்கும் ஊக்கு இருக்காது. அரைஞாண், தாயத்து, மெட்டி, லேத்திலோ வெல்டிங்கிலோ வேலை செய்தவரின் கண்ணில் சிக்கிய இரும்புத் துகள் என்று நீங்கள்தான் சேர்க்க வேண்டும். தாலியைக் கழற்றத் தயங்கும் பெண்ணோடு வாக்குவாதம் வேண்டாம். ஒரு மஞ்சள் கயிறு எடுத்து வையுங்கள். அதைக் கட்டிக்கொண்டு சங்கிலியைக் கழற்றிக் குடும்பத்தாரிடம் கொடுக்கச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். இந்த மாதிரிப் பேச்சு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. சீனியர் ஒருவர் பேசுவதை ஜூனியர் பக்கத்தில் நின்று கேட்டால்தான் வரும்.

படி 5: யாரைத் தனியாக விடலாம்?

ஒரு அட்டவணை போடுங்கள். இடது பக்கம் பெயர்கள், மேலே வேலைகள்: நெஞ்சு எக்ஸ்ரே, போர்ட்டபிள், குழந்தைகள், சி.டி. கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து), சி-ஆர்ம். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒன்று: பார்த்திருக்கிறார், கூட ஒருவர் இருந்தால் செய்வார், தனியாகச் செய்வார். மூன்றாவதை எழுதுகிறவர் கையெழுத்தும் போட வேண்டும். பயிற்சி மாணவர்களை ஷிஃப்டின் ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள். கூட்ட நேரத்தில் இந்த ஆசை எல்லோருக்கும் வரும்.

கான்ட்ராஸ்ட் ஊசி சிலருக்கு அலர்ஜி ஆகலாம். அதனால் அந்த ஊசி போடும் நேரமெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு ஒரு டாக்டர் வேண்டும். எமர்ஜென்சி டிரேயில் அட்ரினலின் எக்ஸ்பயரி ஆகவில்லை என்பதை ஒவ்வொரு ஷிஃப்டும் பார்த்துத் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும்.

படி 6: ரிப்பீட் படங்களை எண்ணுங்கள், ஆட்களைத் திட்டாதீர்கள்

மாதம் எத்தனை படம் எடுத்தோம், எத்தனையைத் திரும்ப எடுத்தோம், ஏன்? நோயாளி அசைந்தாரா, பொசிஷன் சரியில்லையா, மூச்சை இழுக்கவில்லையா? டிஜிட்டல் எக்ஸ்ரேயில் 8 சதவீதத்தை இலக்காக வைத்து, 10-ஐத் தாண்டினால் காரணம் தேடலாம். ரொம்பக் குறைந்தாலும் சந்தேகப்படுங்கள். “இந்த மாதம் அதிக ரிப்பீட் யாரென்று பார்” என்று போர்டில் பெயர் போட்டால் அடுத்த மாதம் எண்ணிக்கை அழகாக இறங்கிவிடும். படம் மேம்பட்டிருக்காது. மோசமான படமே ரிப்போர்ட்டுக்குப் போகும், அல்லது டெலீட் ஆகும்.

இன்னொன்று. டிஜிட்டலில் டோஸ் கூடினால் படம் இன்னும் வழவழப்பாகத்தான் வரும், குறைந்தால்தான் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் கை தானாக எம்.ஏ.எஸ்.-ஐ (கதிரின் அளவைத் தீர்மானிக்கும் செட்டிங்) ஏற்றிக்கொண்டே போகும். டிடெக்டருக்குப் போன கதிர் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று மெஷின் காட்டும் டீவியேஷன் இண்டெக்ஸ் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பிளஸ் 3 என்றால் டிடெக்டருக்குத் தேவையைப் போல இரண்டு மடங்கு கதிர் போயிருக்கிறது என்று அர்த்தம். வாரம் ஒருமுறை பத்து நெஞ்சுப் படங்களை எடுத்து, எல்லோரும் சேர்ந்து அந்த எண்ணைப் பாருங்கள். படம் எடுத்தவர் பெயரை மறைத்துவிட்டு.

படி 7: மேலே இருப்பவர்களோடு

வார்டிலிருந்து வரும் எல்லாச் சீட்டிலும் “எமர்ஜென்சி” என்றுதான் எழுதியிருக்கும். வரிசையை டெக்னீஷியன் தலையில் கட்டினால் தினமும் அவர்தான் திட்டு வாங்குவார். ரேடியாலஜிஸ்ட், கேஷுவாலிட்டி டாக்டர் இருவரோடும் உட்கார்ந்து எது உடனே, எது ஒரு மணி நேரத்தில், எது நாளைக்கு என்று எழுதி வாங்குங்கள். மூளையில் ரத்தக் கசிவு, நுரையீரல் சுருங்கியது போன்றவை ஸ்கிரீனில் தெரிந்தால் இரவென்றும் பாராமல் ரேடியாலஜிஸ்ட்டை எழுப்ப டெக்னீஷியனுக்கு உரிமை உண்டு என்பதையும் அதே தாளில் சேருங்கள். யாரை, எத்தனை மணிக்குக் கூப்பிட்டோம் என்று நோட்டில் எழுத வேண்டும். நள்ளிரவில் எழுப்பியதற்கு யாராவது எரிந்து விழுந்தால் மறுநாள் காலை போய்ப் பேச வேண்டியது டெக்னீஷியன் அல்ல, நீங்கள்.