தெருவில் செத்துக் கிடக்கும் வண்டி: ஓனரும் அக்கம்பக்கமும் செய்யும் தவறுகள்

சென்னையில் பல தெருக்களில் டயர் இறங்கி, சருகு மூடி, ஒரு பழைய கார் நிற்கும். ஓனரைக் கேட்டால் "என் வீட்டு வாசல்லதானே நிக்குது, லைஃப் டாக்ஸ் கட்டியாச்சு, யார் கேட்பாங்க?" என்பார். முதல் தவறே இதுதான். கேட்டைத் தாண்டினால் அது பொது இடம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவைப் படித்துப் பாருங்கள்: பொது இடத்தில் 10 மணி நேரம் அல்லது அதற்கு மேல் கேட்பாரற்று நிற்கிற வண்டியை இழுத்துப் போகவோ சக்கரத்தைப் பூட்டவோ, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி அனுமதி கொடுக்கலாம். எரிந்ததோ பாதி கழற்றியதோ போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் உடனே அகற்றலாம். இழுத்த செலவு ஓனர் தலையில், அபராதம் தனி.

"ஓரமாத்தானே நிக்குது" என்பவர்களுக்கு ஒன்று. மழை பெய்தால் அந்த டயரிலும் திறந்த டிக்கியிலும் தேங்கும் தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். பக்கத்து வீட்டில் குழந்தை இருக்கிறது, இதைச் சும்மா விட முடியாது.

சரி, தொல்லை வேண்டாமென்று காயலான் கடைக்குப் போடுகிறார்கள். அதில்தான் பெரிய தவறு நடக்கிறது. கைக்குப் பணம் வந்ததும் ஆர்.சி. புத்தகத்தை பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பதிவில் வண்டி இன்னும் உங்கள் பேரில் உயிரோடுதான் இருக்கும். யாராவது அதை ஒட்டுப்போட்டு ஓட்டினாலோ, நம்பரை வேறு வண்டியில் மாட்டினாலோ போலீஸ் உங்களைத் தேடித்தான் வரும். பெயர் மாற்றாமல் கைமாறிய வண்டி விபத்தில் சிக்கினால் பதிவில் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. இனி ஓடவே ஓடாது என்று ஆன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள், முடியாவிட்டால் முடிந்த சீக்கிரத்தில், ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை அனுப்ப வேண்டும் என்கிறது அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. 2021 விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் கொடுத்தால் முதலில் ஒப்படைப்புச் சான்று, உடைத்த பிறகு அழிப்புச் சான்று என்று இரண்டு தருவார்கள். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு நீங்காமல் இருந்தால் முதலில் வங்கியிடம் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி அந்தப் பதிவை நீக்க வேண்டும், கடன் எப்போதோ முடிந்திருந்தாலும்.

அப்பா பேரில் இருந்த வண்டியை அவர் காலமான பிறகு அப்படியே விடுவதும் நிறைய வீடுகளில் நடக்கிறது. வருத்தம் புரிகிறது, ஆனால் வாரிசுதான் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். தள்ளிப்போடப்போட இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று எல்லாவற்றுக்கும் அலைச்சல் கூடும்.

அப்புறம் அக்கம்பக்கத்தார். கேட்க ஆளில்லை என்று நீங்களே பேட்டரியைக் கழற்றுவதும் இரும்புக்காரரைக் கூப்பிடுவதும் திருட்டு வழக்காகிவிடும். அந்த வண்டியே எங்கோ திருடுபோனதாகவோ ஒரு வழக்கின் சாட்சியாகவோ இருக்கலாம். "தெருவில ஒரு கார் நிக்குது" என்று மொட்டையாகப் புகார் சொல்வதிலும் பயன் குறைவு. நம்பர் பிளேட் தெரியும்படி ஒரு படம், எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே, எவ்வளவு நாளாக நிற்கிறது, தண்ணீர் தேங்குகிறதா என்று எழுதி மாநகராட்சியின் 1913 உதவி எண்ணுக்கும் உள்ளூர் போக்குவரத்து போலீசுக்கும் கொடுங்கள். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.