மேடிசனுக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

கையுறை எடுத்து வாருங்கள், நல்ல ஷூ போடுங்கள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான இந்த ஊரில் பல வருடமாக இருக்கிறேன். வருகிற உறவினர், நண்பர்களையெல்லாம் ஏரிக்கரைக்கு அழைத்துப் போகிறேன். புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது எப்போதும் அதே சில இடங்களில்தான்.

ஓர் ஏரியைப் பார்த்துவிட்டு இன்னோர் ஏரியில் இறங்குவது

இதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதில் போவது உயிர்.

மென்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிய நிலத்தில் மேடிசனின் நடுப்பகுதி இருக்கிறது. மொனோனா சிறியது, வழக்கமாக அதுதான் முதலில் உறையும். மென்டோட்டா ஏறக்குறைய 39 சதுர கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 25 மீட்டர். தண்ணீருக்கு அடர்த்தி அதிகம் இருப்பது 4 டிகிரியில். அதனால் குளிர்ந்த நீர் அடியில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஏரி முழுவதும் அந்த அளவுக்குக் குளிர்ந்த பிறகுதான் மேல்நீர் உறையத் தொடங்கும். அப்போதும் ஒரு ராத்திரி காற்று பலமாக அடித்தால் முதலில் படிந்த மெல்லிய ஐஸ் உடைந்துபோகும். ஆக, மொனோனாவில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருக்கும் அதே நாளில் மென்டோட்டா ஆளைத் தாங்காமல் இருக்கலாம்.

ஒரு டிசம்பரில் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். காலையில் மொனோனாவில் மீன்பிடிக் கூடாரங்களைப் பார்த்தார்கள். மதியம் டெனி பார்க்கில், மதகுக்குப் பக்கத்தில், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு மென்டோட்டாவில் இறங்கப் போனார். யஹாரா ஆறு அந்த ஏரியை விட்டு வெளியேறும் இடம் அது. நீரோட்டம் இருக்கும் இடத்தில் ஐஸ் தடிக்காது. நான் கத்தியதில் அவருக்குக் கோபம்.

"அங்க அத்தனை பேர் நடக்கிறாங்களே!"

"அது வேற ஏரிங்க."

அன்று மாலை வரை அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. பரவாயில்லை.

நடப்பதற்குக் குறைந்தது 4 அங்குலம் தெளிவான ஐஸ் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வெள்ளையாக, ஸ்னோ கலந்து உறைந்ததற்கு அதில் பாதி பலம்தான். மேலே ஸ்னோ மூடியிருந்தால் அது கம்பளி மாதிரி குளிரைத் தடுத்து, ஐஸ் வளரவிடாது; விரிசலையும் மறைத்துவிடும். தேதியை நம்பவும் முடியாது. 1880-81 குளிர்காலத்தில் மென்டோட்டா 161 நாள் உறைந்து கிடந்தது. 2001-02இல் வெறும் 21 நாள். தூண்டில், இரை விற்கும் கடைகளில் கேளுங்கள், அன்றன்று எந்த ஏரி எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் தலையாட்டாவிட்டால் கரையில் நின்று பாருங்கள், அங்கிருந்தும் அழகுதான்.

ஏப்ரலை வசந்தம் என்று நம்புவது

ஏப்ரலிலும் ஸ்னோ விழும். பச்சை பார்க்க வேண்டுமென்றால் மே.

ஆகஸ்டில் பச்சைத் தண்ணீரில் குளிப்பது

சுற்றிலும் பால்பண்ணைகள். சாணமும் உரமுமாக வயல்களிலிருந்து பாஸ்பரஸ் ஏரிக்கு வருகிறது. வெயில் ஏறியதும் நீலப்பச்சைப் பாசி திரளும். சில வகைப் பாசியில் நச்சு உண்டு; வாயில் தண்ணீர் போகும் சின்னக் குழந்தைகளுக்கும், நாய்களுக்கும் ஆபத்து. சுகாதாரத் துறை தண்ணீரைச் சோதித்து, சரியில்லாத நாளில் கடற்கரை மாதிரியான அந்தக் குளிக்கும் இடங்களை மூடிவிடும். அறிவிப்புப் பலகை இல்லாத இடத்திலும் பெயின்ட் கொட்டினது போலத் தெரிந்தால் இறங்க வேண்டாம்.

சனிக்கிழமைச் சந்தையில் எதிர்த்துப் போவது

சந்தை நடக்கும் கேப்பிட்டல் என்ற மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றிக் கூட்டம் இடஞ்சுழியாக நகரும். அதோடு போங்கள்.

இலையுதிர்காலத்தில் போட்டி அட்டவணை பார்க்காமல் ரூம் போடுவது

அக்டோபர் நடுவில்தான் மரங்களின் நிறம் உச்சத்துக்கு வரும். பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகளும் அப்போதுதான். கேம்ப் ராண்டல் ஸ்டேடியத்தில் 70,000 பேருக்கு மேல் உட்காரலாம். உள்ளூரில் போட்டி உள்ள வார இறுதியில் ரூம் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தால் வாடகை எகிறியிருக்கும். அணி வெளியூருக்கு ஆடப் போகும் சனிக்கிழமையைத் தேடிப் பிடியுங்கள். இல்லையென்றால் செவ்வாய், புதனில் வாருங்கள்.